கொம்பும் ஆட்டக்காரனும்

மட்டக்களப்பு நகரிலே மாலைப்பொழுதில் கூடைப்பந்துத் திடலின் ஓரமாக நிற்போரிடமிருந்து ஒரு கேள்வி அடிக்கடி எழுவதை நாம் கேட்டிருக்கிறோம். அணிக்குப் புதிதாக வந்து சேர்ந்த இளைஞன் இரண்டு முறை குறி தவறிவிட்டால் போதும்; “இவனை என்னத்துக்குக் கொண்டு வந்தவங்கள்?” என்ற குரல் கூட்டத்தின் ஏதோ ஒரு மூலையிலிருந்து வரும். ஒளிப்பானேன், அக்குரல் நம்முடையதாகவும் இருந்ததுண்டு. ஆட்டம் முடிந்து கல்லடிப் பாலத்தைக் கடந்து வீடு திரும்பும்போது அச்சொற்களின் பொருளை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. ‘கொண்டு வந்தவங்கள்’ என்கிறோம். கொண்டு வரப்படுவது பொருள். தானே வருபவன் மனிதன். நம் நாக்கில் அந்த இளைஞன் எப்போது பொருளாக மாறினான்?

இதைச் சிறிய விஷயம் என்று ஒதுக்குவோர் இருக்கலாம். பசியும் வேலையின்மையும் நிறைந்த நாட்டில் விளையாட்டு இரசிகனின் மனநிலையை ஆராய்வது வீண்வேலை அன்றோ என்று அவர் வினவலாம். ஆயின், ஒரு சமுதாயம் மனிதனை எவ்வாறு மதிக்கிறது என்பது அதன் சட்டப்புத்தகத்தில் மட்டும் எழுதப்பட்டிருப்பதன்று. ஓய்வு நேரத்திலே, எவரும் தன்னைக் கவனிக்கவில்லை என்று எண்ணி அது கூவும் கூச்சலிலும் எழுதப்பட்டிருக்கிறது. பிறரிடம் நாம் எதை எதிர்பார்க்கலாம்? எந்த உரிமையால் எதிர்பார்க்கலாம்? யாரிடம் எதிர்பார்க்க வேண்டும்? இம்மூன்று கேள்விகளும் திடலோரத்தில் தோன்றினாலும் திடலோடு முடிபவை அல்ல.

கூடைப்பந்து மட்டக்களப்புக்கு அந்நியமான ஆட்டமன்று. 1940களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்து இயேசு சபைத் துறவிகள் புளியந்தீவிலுள்ள புனித மிக்கேல் கல்லூரிக்கு வந்தபோது, தம் நாட்டு ஆட்டத்தையும் கூடவே கொணர்ந்தனர். அவர்களுள் ஒருவரான ஹரல்ட் வெபர் அடிகள் 1998இல் இறக்கும்வரை இந்த ஊரையே தம் ஊராகக் கொண்டார். நகரின் மைதானம் இன்றும் அவருடைய பெயரைத் தாங்கி நிற்கிறது. மற்றொருவரான யூஜின் ஹெபேர்ட் அடிகள் திருகோணமலை புனித சூசையப்பர் கல்லூரியிலும் பின்னர் மட்டக்களப்பிலும் மாணவர்க்குக் கூடைப்பந்து பயிற்றினார். மிஷன் கல்வியின் வரலாற்றில் நாம் குறைகாண வேண்டியவை பல உண்டு. எனினும் வாவிக்கரைச் சிறுவர் பல தலைமுறையினர் பந்தை வாங்கவும் வழங்கவும் கற்றது இவர்களிடமே என்பதை மறுப்பதற்கில்லை.

வாங்கவும் வழங்கவும் என்று நாம் சொல்வது வெறும் சொல்லடுக்கன்று. 1891 டிசெம்பரில் மசசூசெற்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர், குளிர்காலத்தில் மாணவரை உள்ளரங்கில் ஈடுபடுத்துவதற்காக, இரண்டு பழக்கூடைகளை உயரே பொருத்தி இந்த ஆட்டத்தை வகுத்தார். அவர் எழுதிய பதின்மூன்று விதிகளுள் ஒன்று, பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடக்கூடாது என்பது. பந்து கிடைத்தவன் கிடைத்த இடத்திலிருந்தே இன்னொருவனுக்கு எறிய வேண்டும். பின்னர் விதிகள் பலவாறு மாறின. பந்தைத் தட்டிக்கொண்டு ஓடும் வழக்கம் வந்தது. ஆயினும் ஆட்டத்தின் வேர், எவனும் தனியே வைத்திருக்க முடியாத ஒரு பொருளைப் பலர் கைமாற்றி இலக்கை அடைவதிலேயே இருக்கிறது. இத்தகைய ஆட்டத்திலே தனியொருவன் வந்து எல்லாவற்றையும் முடித்துவைப்பான் என்று எதிர்பார்ப்பது, ஆட்டத்தையே அறியாதவனின் எதிர்பார்ப்பாகும்.

அணியில் பக்கவாட்டில் ஆடுபவனின் நிலையை நோக்குவோம். அவன் திடலின் ஓரங்களில் ஓடுகிறான். எதிரணியின் மிகச் சிறந்த தாக்குநரை மறித்து நிற்கும் பொறுப்பு பெரும்பாலும் அவனுடையது. தன் அணி தாக்கும்போது மூலையிலே நின்று, தன்னைக் காக்க வேண்டிய எதிரியைத் தன்பால் இழுத்து, நடுவிலே தோழனுக்கு இடம் உண்டாக்குகிறான். இவ்வேலைகளுள் எதுவும் புள்ளிப் பலகையில் ஏறுவதில்லை. நாமோ பலகையைப் பார்த்தே மனிதனை எடைபோடுகிறோம்.

உலகம் அறிந்த ஓர் உதாரணம் உண்டு. 2024ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் நியூயோர்க் நிக்ஸ் அணி, அயலிலுள்ள புரூக்ளின் அணியிலிருந்து மிக்கால் பிரிட்ஜஸ் என்னும் பக்கவாட்டு ஆட்டக்காரரைப் பெற்றது. ஈடாகக் கொடுத்தவற்றுள் முதன்மையானவை, வருங்காலத்தில் இளம் ஆட்டக்காரரைத் தெரிவு செய்யும் முதற்சுற்று உரிமைகள் ஐந்து. அன்று தொடங்கி அவருடைய பெயருக்கு முன்னே ‘ஐந்து’ என்ற எண் ஒட்டிக்கொண்டது. அவர் ஒரு பந்தைத் தவறவிட்டால், ஐந்துக்கு இவர் ஈடாவாரா என்று கேட்டனர். 2025 மே மாதத்தில் பொஸ்ரன் அணியுடனான தொடரின் முதலிரு ஆட்டங்களிலும் இறுதிக் கணங்களில் எதிரியின் கையிலிருந்து பந்தைப் பறித்து வெற்றியை உறுதிசெய்தவர் அவரே. அப்போது அதே வாய்கள் விலை தகும் என்றன. அந்த ஆண்டு நிக்ஸ் அணி 25 ஆண்டுகளுக்குப் பின்னர் கிழக்குப் பிரிவின் இறுதித் தொடரை எட்டி, அங்கே இந்தியானாவிடம் தோற்றது. பேச்சு மறுபடியும் ஐந்துக்கே திரும்பியது.

இங்கே கவனிக்க வேண்டியது யாது? ஐந்து என்ற விலையை பிரிட்ஜஸ் கேட்கவில்லை. அவரைக் கேட்டு எவரும் அதை நிர்ணயிக்கவுமில்லை. இரண்டு முதலாளிகளின் அலுவலகங்கள் தமக்குள் பேசி முடித்த கணக்கு அது. அந்தக் கணக்கின் சுமை மட்டும் அவருடைய தோளில் ஏறியது. மேலும், அந்த ஐந்து உரிமைகளுள் ஒன்று 2031ஆம் ஆண்டுக்குரியது. அந்த ஆண்டில் பத்தொன்பது வயதை அடைந்து தெரிவுக்கு வரக்கூடிய இளைஞன், 2024இல் பன்னிரண்டு வயதுப் பாடசாலைச் சிறுவன். அவன் யாரென்று எவருக்கும் தெரியாது. அவன் பந்தைக் கையிலெடுத்திருக்கிறானோ என்பதுகூடத் தெரியாது. எனினும் அவனைப் பற்றிய உரிமை கைமாறிவிட்டது. சந்தையின் கை எவ்வளவு நீளமானது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

விலை உள்ளது வேறு, மாண்பு உள்ளது வேறு என்று பிரித்துக் காட்டியவர் ஜேர்மானிய அறிஞர் கான்ற். விலையுள்ள பொருளுக்குப் பதிலாக வேறொன்றை வைக்கலாம். மனிதனுக்குப் பதிலாக எதையும் வைக்க முடியாது என்பது 1785இல் அவர் எழுதிய அறநூலின் சாரம். அவருக்குப் பின் வந்த மார்க்ஸ், இந்த வேறுபாட்டை வானத்திலிருந்து தொழிற்சாலைத் தளத்துக்கு இறக்கினார். தொழிலாளி விற்பது தன்னையன்று. குறித்த காலத்துக்குத் தன் உழைப்புச் சக்தியை மட்டுமே விற்கிறான். தன்னையே முழுமையாக விற்பவன் தொழிலாளியல்லன், அடிமை. இவ்வெல்லைக்கோட்டைத் தொழிற்சங்க மேடையில் நாம் நன்றாக அறிந்திருக்கிறோம். திடலோரத்திலே மறந்துவிடுகிறோம்.

“ஆட்டக்காரன் கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறானே; அவனுக்கென்ன அடிமைத்தனம்?” என்று கேட்போர் உண்டு. இவ்வாட்சேபத்துக்கு விடை கூறியவர் கேர்ட் ஃபிளட் என்னும் கறுப்பினத்தவர். சென் லூயிஸ் நகரத்துப் பேஸ்போல் அணியில் பன்னிரண்டு பருவங்கள் ஆடியவர். 1969இல் அவரைக் கேளாமலே அவ்வணி அவரை ஃபிலடெல்ஃபியாவுக்கு மாற்றிவிட்டது. தாம் விற்கவும் வாங்கவும் உரிய உடைமையல்லர் என்று அவ்வாண்டு டிசெம்பர் 24 அன்று அவர் பேஸ்போல் ஆணையாளருக்கு எழுதினார். ஆண்டுக்கு 90,000 டொலர் பெறுபவர் இப்படிப் பேசலாமா என்று கேட்கப்பட்டபோது, நல்ல சம்பளம் பெறும் அடிமையும் அடிமையே என்று பதிலளித்தார். 1972இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு மூன்று என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அவருடைய ஆட்ட வாழ்வும் முடிந்தது. அவர் முட்டிய சுவரில் 1975இன் இறுதியில் வேறு இருவரின் வழக்கால் வாயில் திறந்தது. கூடைப்பந்திலும் ஒஸ்கார் ரொபேட்சன் 1970இல் தொடுத்த வழக்கு 1976இல் இணக்கத்துக்கு வந்தது. இன்றைய ஆட்டக்காரன் ஒப்பந்தம் முடிந்தபின் விரும்பிய இடம் செல்லும் உரிமை இத்தகையோர் இழப்பினால் விளைந்தது.

அவ்வுரிமையைப் பயன்படுத்தியவனுக்கு என்ன நேர்ந்தது? 2010 ஜூலையில் லெப்ரோன் ஜேம்ஸ் கிளீவ்லண்டை விட்டு மயாமிக்குச் சென்றபோது, அவரைப் போற்றிய நகரமே அவருடைய பெயர் பொறித்த மேலாடைகளைத் தெருவில் எரித்தது. அணியின் உரிமையாளர் பகிரங்கக் கடிதத்தில் அவரைத் துரோகி என்னும் பொருள்பட ஏசினார். தப்பியோடிய அடிமையைக் குறித்து எசமான் பேசும் குரல் இது என்று ஜெஸி ஜாக்சன் கண்டித்தார். 2014இல் ஜேம்ஸ் மீண்டும் வந்தார். 2016இல் அணி கிண்ணம் வென்றபோது அதே நகரம் ஆனந்தக் கண்ணீர் வடித்தது. எரித்தவரும் அழுதவரும் பெரும்பாலும் உழைக்கும் மக்கள். உரிமையாளரின் கோபம் விளங்கக்கூடியது. அவர் இழந்தது தம் முதலீட்டை. ஆலையில் தானும் அவ்வாறே எண்ணப்படும் தொழிலாளி, ஏன் எசமானின் குரலில் கூவினான்? அவன் எதையும் வாங்கவில்லை. நுழைவுச்சீட்டுக்குக் கொடுத்த பணத்தைத் தவிர அவனுடைய பணம் அக்கணக்கில் இல்லை. இருந்தும் முதலாளியின் பேரேட்டைத் தன் நெஞ்சிலே பிரதிசெய்து வைத்திருக்கிறான். ஆளும் வர்க்கத்தின் எண்ணங்கள் ஆளப்படுவோர் மனத்தில் குடியேறுவது இப்படித்தான். பிரசங்கத்தால் மட்டுமன்று, பொழுதுபோக்காலும்.

நம் மண்ணின் பழைய ஆட்டமொன்றை இங்கே நினைவுகூர்தல் தகும். கண்ணகி வழிபாட்டோடு இணைந்த கொம்புமுறி விளையாட்டில், ஊர் வடசேரி என்றும் தென்சேரி என்றும் இரண்டாகப் பிரியும். ஒன்று கோவலன் கட்சி, மற்றது கண்ணகி கட்சி. வைரம் பாய்ந்த வளைந்த கொம்புகள் இரண்டை ஒன்றோடொன்று பூட்டி, இரு சேரியாரும் வடம்பிடித்து இழுப்பர். எவர் கொம்பு முறிகிறதோ அவர் தோற்றவர். வென்றவர் தோற்றவரை வசைபாடுவர். மழை பொழியவும் நோய் நீங்கவும் செய்த சடங்கு அது. சிங்கள மக்களிடையே பத்தினித் தெய்வத்தின் பெயரால் நிகழும் அங்கெலியவும் இதன் உடன்பிறப்பே. அவ்வாட்டத்தைப் புகழ்ந்து பழமைக்குத் திரும்புவோம் என்று நாம் சொல்லவில்லை. பிறந்த குடியால் கட்சி அமையும் முறையில் நாம் விரும்பாதவை உண்டு. ஆயினும் அதிலே ஒரு தெளிவு இருந்தது. ஆடுபவரும் பார்ப்பவரும் ஒருவரே. வடத்தில் எல்லோருடைய கையும் இருந்தது. முறிவதற்கென்றே பூட்டப்பட்டது கொம்பு; மனிதனல்லன். இன்றைய இரசிகன் வடத்தைத் தொடாமல் தூரத்தே நிற்கிறான். ஆட்டக்காரனைக் கொம்பாகப் பூட்டுகிறான். முறிந்தால் அவனையே ஏசுகிறான்.

அப்படியானால் எதையும் எதிர்பார்க்கக் கூடாதா? இங்கே நாம் நிதானிக்க வேண்டும். ஒருவனிடம் எதையுமே எதிர்பாராதிருத்தல் அவனை மதிப்பதாகாது. வகுப்பிலே கடைசி வாங்கில் இருக்கும் மாணவனிடம் எதையும் எதிர்பாராத ஆசிரியன் கருணையுள்ளவன் அல்லன். அவன் அம்மாணவனைக் கைவிட்டவன். பலனைக் கருதாமல் கடமையைச் செய் என்ற பழைய உபதேசத்தையும் நாம் அப்படியே ஏற்பதற்கில்லை. வயலில் உழைப்பவனுக்கு அதைப் போதித்தவர் பலர், களத்தில் நெல்லை அளந்து எடுத்துச் செல்லும்போது அதை மறந்தவர்களே. பலனைக் கருதலாம், கருதவும் வேண்டும். பலர் சேர்ந்து விளைக்கும் பலனை ஒருவனிடம் கடனாக வசூலிப்பதே தவறு.

ஆகவே எதிர்பார்ப்பு இருவகைப்படும். ஒன்று கடன் கொடுத்தவனின் எதிர்பார்ப்பு. ‘இவ்வளவு கொடுத்தோம், இவ்வளவு தா’ என்பது. மற்றது தோழனின் எதிர்பார்ப்பு. ‘நாம் ஒன்றாக இதைச் செய்கிறோம், உன் பங்கைச் செய்’ என்பது. முன்னது விளைவைக் கேட்கிறது. பின்னது முயற்சியைக் கேட்கிறது. புதிதாக வந்த ஆட்டக்காரன் பயிற்சிக்கு ஒழுங்காக வரவேண்டும். பந்தை இழந்தபின் தலைகுனிந்து நிற்காமல் காப்புக்கு ஓடிவர வேண்டும். வாய்ப்பான இடத்தில் நிற்கும் தோழனுக்குப் பந்தைக் கொடுக்க வேண்டும். தோல்வியின் பழியை இன்னொருவன் மேல் போடலாகாது. இவை அவன் கையில் உள்ளவை. இவற்றைக் கேட்க நமக்கு உரிமையுண்டு. கூடையின் விளிம்பில் சுழன்று பந்து உள்ளே விழுமா, வெளியே விழுமா என்பது எவன் கையிலும் இல்லை. தோழனின் எதிர்பார்ப்புக்கு இன்னோர் இலக்கணமும் உண்டு: கேட்பவனும் ஏதோ ஒன்றைக் கொடுக்கக் கடமைப்பட்டவன். அவனுக்குப் பழகும் காலத்தைக் கொடுத்தோமா? அவன் செய்யும் வேலையை அறிந்துகொள்ள முயன்றோமா?

ஒருவரிடமே எல்லாவற்றையும் வேண்டுவது எங்கே கொண்டு விடும் என்பதை நம் நாட்டு வலைப்பந்தில் கண்டோம். யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம் 2009இலும் 2018இலும் ஆசியக் கிண்ணம் வென்ற இலங்கை அணியின் தூணாக நின்றவர். ஆறடி பத்தங்குல உயரமுள்ள அவரிடம் பந்தைச் சேர்ப்பதே அணியின் தந்திரமாயிற்று. 2019இல் லிவர்பூலில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியிலும் கோல்களை அவர் குவித்தார். அணியோ பதினாறு நாடுகளின் வரிசையில் அடிப்பகுதியிலேயே நின்றது. ஒரு கை எவ்வளவு உயர்ந்தாலும் ஏழு பேரின் வேலையைச் செய்யாது. அதற்கு மேலே இன்னொரு சுமையையும் அவர்மேல் ஏற்றினோம். போர் முடிந்த 2009ஆம் ஆண்டிலே ஒரு தமிழ்ப் பெண் நாட்டுக்காகக் கோல் போட்டவுடன், இனங்களின் ஒற்றுமை நிறைவேறிவிட்டது என்று எழுதியவர் உண்டு. அரசியல் செய்ய வேண்டிய வேலையை ஒரு விளையாட்டு வீராங்கனையின் உயரத்திடம் ஒப்படைத்து ஓய்வெடுத்துக்கொண்டோம்.

இதே மனப்பான்மையை ஆசிரியர்களாகிய நம் வாசகர் வேறிடத்திலும் அறிவர். படுவான்கரைப் பாடசாலையொன்றுக்கு நெடுங்காலத்தின் பின் ஒரு கணித ஆசிரியை நியமனம் பெறுகிறாள் என்று கொள்வோம். காலையில் குருமண்வெளித் துறையில் படகேறி வாவியைக் கடந்து மண்டூர்ப் பக்கம் போகிறாள். ஓராண்டில் பரீட்சை முடிவு உயரவில்லையாயின், “இவவை ஏன் அனுப்பினவங்கள்?” என்று ஊர் கேட்கிறது. ஆறாண்டு ஆசிரியரின்றிக் கழிந்த வகுப்புக்கு யார் பொறுப்பு, ஆய்வுகூடமும் நூலகமும் இல்லாமைக்கு யார் பொறுப்பு என்ற கேள்விகள் எழுவதில்லை. வந்தவள் கண்ணுக்குத் தெரிகிறாள். வராதவை கண்ணுக்குத் தெரிவதில்லை. கோபம் எப்போதும் கிட்ட இருப்பவர் மேலேயே விழுகிறது.

இதனாலேயே மூன்றாவது கேள்வி முக்கியமாகிறது: யாரிடம் எதிர்பார்க்க வேண்டும்? மேலே குறித்த ஹெபேர்ட் அடிகள், 1990 ஓகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில், தம்மோடு சென்ற தமிழ் இளைஞனுடன் காணாமற் போனார். அதே மாதம் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்ட முஸ்லிம்கள் சுட்டுக்கொல்லப்பட்டனர். தப்பியவர்கள் சுட்டிக்காட்டியது விடுதலைப் புலிகளை. செப்டெம்பர் 5 அன்று வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து 158 பேரை இராணுவம் கொண்டு சென்றது; அவர்கள் திரும்பவில்லை. இந்த வாவியின் கரையிலே, கையில் ஒரு புகைப்படத்தோடு இன்னும் பதிலை எதிர்பார்த்திருக்கும் தாய்மார் உள்ளனர். அவர்களுடைய எதிர்பார்ப்பே கைவிடலாகாத எதிர்பார்ப்பு. அது விளைவையே கேட்கிறது. கேட்கும் உரிமையும் அதற்கு உண்டு. ஏனெனில் அது, பதில் சொல்லும் ஆற்றல் இருந்தும் சொல்லாதிருப்போரை நோக்கியது.

நாம் செய்வதோ தலைகீழ். பத்தொன்பது வயது இளைஞனிடம் ஒரு பந்துக்குக் கணக்குக் கேட்கிறோம். மூன்று தசாப்தங்களாக 158 உயிர்களுக்குக் கணக்குச் சொல்லாதவரிடம் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது என்கிறோம். எதிர்த்தரப்பின் கொடுமைக்குக் கணக்குக் கேட்கும்போது உரத்த குரல், நம் தரப்பின் கொடுமைக்கு வரும்போது மெலிந்துவிடுகிறது. வடசேரி தென்சேரி மனம் நம்முள்ளே இன்னும் வடம் இழுக்கிறது. வலியோரிடம் பொறுமையும் எளியோரிடம் கண்டிப்பும் காட்டுவது அறமாகாது. அது பயத்தின் வேறொரு பெயர்.

திடலுக்குப் போகவேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. போவோம், உரக்கக் கூவுவோம். நம் அணி வெல்லவேண்டும் என்று ஆசைப்படுவோம். புதிதாக வந்த இளைஞன் குறி தவறினால், “பறவாயில்லை தம்பி, ஓடிவந்து பிடி” என்று சொல்லப் பழகுவோம். அச்சொற்களில் ஓர் எதிர்பார்ப்பு இருக்கத்தான் செய்கிறது. அவன் ஓடிவர வேண்டும் என்கிறோம். ஆனால் அங்கே அவனை எவரும் கொண்டு வரவில்லை. அவன் வந்திருக்கிறான், நம்மோடு இருக்கிறான். மிச்சமுள்ள கோபத்தைச் சேமித்துக்கொள்வோம். அதைச் செலவிட வேண்டிய இடம் திடலுக்கு வெளியே இருக்கிறது.